மெயினை இறக்கியவள்

மார்ச் 9

அன்புள்ள பென்சிலுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். இடது கையை இப்போதுதான் எழுதப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் போய்விட்டது.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும், லிஃப்ட் கம்பெனியில் உனக்கென்று ஜன்னலோரமாய் ஒரு வரைபட மேசை கொடுத்திருப்பதும் தெரிந்து சந்தோஷம். இங்கே நம் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் உனக்கு ஜன்னலும் இல்லை, மேசையும் இல்லை. இரும்பின் மேலேயே குந்திக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, நான் துளை போட வேண்டிய இடத்தையெல்லாம் குறித்துக் கொடுத்தாய். பாவம் நீ.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனது நீ இருக்கும்போதே தெரியும். கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்க மாட்டேன் என்கிறது. "பழகப் பழக வரும்மா" என்கிறார் டாக்டர். அவர் விரலா என்ன.

இரும்பில் காந்தத்தால் ஒட்டி நின்று துளை போட்ட அந்த மேக்னட் டிரில்லைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாக்கால் மூடிவைத்திருக்கிறேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. கரண்ட் போனால் காந்தம் பிடியை விடும். விட்டால் பதினெட்டு கிலோ இரும்பு கீழேதான் வரும், மேலேயா போகும்?

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரி நேற்று வந்திருந்தாள். "அன்னிக்கு எங்க வீட்ல கரண்டே போகலையே, என் மெஷின் நிக்காம ஓடிச்சே" என்கிறாள். நீ வெளியேதானே நின்றாய். உனக்கு ஏதாவது தெரியுமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

பிரியமுள்ள,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் கிழித்துவிடுவதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

கரண்ட் போகவில்லை. மெயினை இறக்கியது நான்தான்.

அன்று வேலைக்கான கடிதத்தை உன்னிடம் கொடுத்தேன். நீ பிரித்துக்கூடப் பார்க்காமல், எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, நிமிர்த்தி நிறுத்தியிருந்த இரும்புப் பெட்டித்தூணில் டிரில்லை ஒட்டிவைத்து ஓட்ட ஆரம்பித்தாய். "நான் போறேன்க்கா, காதுல விழுதா?" என்று மூன்று தடவை கத்தினேன். நீ திரும்பவே இல்லை. வெளியே வந்தேன். சுவரில் மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. உன்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. இறக்கினேன். அதே நொடியில் நீ அலறியது கேட்டது.

காந்தமும் மோட்டாரும் ஒரே கரண்டில்தான் ஓடுகின்றன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீ. டிரில் விழாமல் தாங்கச் சங்கிலி கட்டியிருப்பாய் என்று நம்பித்தான் செய்தேன் என எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் சங்கிலியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருபது நாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்து, சொல்லாமலே வந்துவிட்டேன். நீ என்ன திட்டினாலும் தகும்.

உன்,
பென்சில்


ஏப்ரல் 2

அன்புள்ள பென்சிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழுதிருக்கிறாய் போலிருக்கிறது, இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது.

உன்னைத் திட்டப் போவதில்லை. திட்டினால் விரல் முளைக்குமா? நீ என் கூடப் பிறந்தவள். நமக்கு அப்பா அம்மா போன பிறகு உனக்குத் தலை சீவிவிட்ட கை இது. அந்தக் கைக்கு நீயே இப்படிச் செய்துவிட்டாய் என்பதை ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்டவர்களிடம் கரண்ட் போய்விட்டது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு யோசனை. ஷெட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன்? மாடிப்படிச் சட்டம் இரண்டு, துளை போடாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. காந்தத்தை நான் இடது கையால் போட்டுவிடுவேன். கைப்பிடியைச் சுற்றி, துளை போடும் கட்டரை இறக்க ஒரு நல்ல வலது கை வேண்டும்.

உன் இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது? யோசித்துப் பார். அவசரமில்லை.

பிரியமுள்ள,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மன்னித்துவிட்டாய் என்று படித்ததும் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதன் பிறகுதான் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். மன்னித்ததாக நீ எங்கேயும் எழுதவில்லை. பரவாயில்லை.

உன்னிடம் மறைக்க இன்னொன்று வேண்டாம். இங்கே ஒருவரைப் பிடித்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக். நான் வரைவதை அவர்தான் கட்டடங்களில் போய்ப் பொருத்துகிறார். "உங்க படத்துல அரை மில்லி கூடத் தப்பு இருக்காதுங்க, கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்று முதல்நாள் சொன்னார். ஆகஸ்டில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. நீ வந்து பார்த்துச் சரி சொன்னால்தான்.

மாதத்தில் நான்கு நாள் லீவு போட்டு வருகிறேன், அக்கா. குவிந்து கிடக்கும் துளைகளையெல்லாம் போட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். இல்லையென்றால் நீ இங்கே வந்துவிடு, மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று அவரே சொல்கிறார். ஷெட்டை விட்டு வர உனக்கு மனம் வராது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

உன்,
பென்சில்


மே 3

அன்புள்ள பென்சிலுக்கு,

கல்யாணச் செய்தி படித்தேன். நல்ல விஷயம்.

இன்று காலை நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். எழுந்து, ரவிக்கைக் கொக்கியை மாட்ட இருபது நிமிஷம். முடியாமல் தையல்காரியைக் கூப்பிட்டேன். அவள் மாட்டிவிட்டு, "உங்க தங்கச்சி எப்போ வருவா?" என்று கேட்டாள். சோறு வடிக்கும்போது பானை நழுவி, வலது முழங்கையில் கொட்டிக்கொண்டேன். மீதி இருந்ததைச் சாப்பிட்டேன். பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ மாதத்தில் நான்கு நாள் வருவாய். மற்ற நாட்களில் கொக்கியை யார் மாட்டுவது என்றும் அந்த நான்கு நாளிலேயே சொல்லிவிட்டுப் போ.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன் மெக்கானிக் நல்ல மனுஷன் போலிருக்கிறது. நல்ல மனுஷனிடம் எதையும் மறைக்கக் கூடாது. மெயினை இறக்கியதை அவரிடம் சொன்னாயா? சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுது. உன் மார்ச் மாதக் கடிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். கம்பெனி முகவரிக்கே அவர் பெயர் போட்டு அனுப்பிவிடுகிறேன். இதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

வெயில் அதிகம். மோர் குடி.

பிரியமுள்ள,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பும் சிரமம் வேண்டாம். நானே சொல்லிவிட்டேன்.

முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. "நான் லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறவன். மேல யாரும் சுவிட்சைத் தொட மாட்டாங்கன்னு நம்பித்தான் உள்ளே இறங்குறேன். நமக்குள்ள ஒரு சண்டை வந்தா நீ எதை ஆஃப் பண்ணுவே?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து என் படங்களை வாங்க வேறு ஆளை அனுப்புகிறார்.

வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலப் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். கொக்கி மாட்டுகிறேன், சோறு வடிக்கிறேன், நீ காட்டுகிற இடத்தில் துளை போடுகிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்த பிறகு அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன்,
பென்சில்


ஜூன் 19

என் அன்புச் செல்லப் பென்சிலுக்கு,

கடிதத்தைப் படித்ததும் ஷெட்டைத் திறந்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மூலையெல்லாம் இரும்புச் சுருள், ஒரு வாளி நிறைய அள்ளினேன். தையல்காரிகூட, "என்னக்கா, பாட்டெல்லாம் பலமா இருக்கு" என்றாள். படிச்சட்டத்துக்காரருக்கு ஜூலைக் கடைசியில் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். நீ என்னைவிட உயரம் ஆயிற்றே, குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்ளும். வேலை பெஞ்சின் கால்களை நாலு அங்குலம் உயர்த்தி வெல்டிங் வைக்கட்டுமா? உடனே எழுது.

அந்த மெக்கானிக்கை விட்டுத் தள்ளு. நம்மைப் போன்றவர்களுக்கு அவரெல்லாம் சரிப்பட்டு வர மாட்டார்.

இனி நீ இங்கே வரப்போகிறவள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயந்துகொண்டிருக்கிறவள் மேக்னட் டிரில் பக்கம் போகக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

டிரில் விழுந்தது நீ மெயினை இறக்கியதால் இல்லை. அந்தத் தூண் ஆறு மில்லித் தகடு. மெல்லிய தகட்டில் காந்தத்துக்குப் பாதிப் பிடிதான் கிடைக்கும். போதாததற்கு மேலே பெயின்ட். நான் சுரண்டவில்லை, சங்கிலியும் கட்டவில்லை. நீ போகிறேன் என்ற ஆத்திரத்தில் அழுத்தி ஓட்டினேன், சறுக்கிவிட்டது. பிடிக்கப் போனபோது கட்டர் கையுறையைச் சுற்றி விரலை உள்ளே இழுத்துக்கொண்டது. மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அந்த இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது, மோட்டார் நின்ற பிறகுதான் கேட்டிருக்கும். நின்றது நீ இறக்கியதால். "இன்னும் ரெண்டு செகண்ட் ஓடியிருந்தா மணிக்கட்டே போயிருக்கும்மா" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார்.

தையல்காரி கரண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது நானாகக் கட்டி எழுதியது. மோட்டார் நின்றதும் அவள் மெஷின் ஓடுகிற சத்தம் என் காதிலேயே விழுந்தது.

ஆகவே நீ பயப்பட ஒன்றுமில்லை. மீதிக் கை பிழைத்ததே உன்னால்தான். இதை மார்ச்சிலேயே எழுதியிருக்கலாம்தான். எழுதியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய்.

இரண்டாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்கிறேன். உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துவைக்கிறேன்.

என்றும் பிரியமுள்ள,
அக்கா


ஜூன் 27

அக்கா,

உன் கடிதம் வந்தபோது, ஐந்து நாள் முன்னதாகவே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன். முதலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து படித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. மார்ச்சிலிருந்து நான் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிவைத்துக்கொண்டு மூன்று விரலால்தான் சாப்பிட்டு வந்தேன். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக. சோறு சிந்தும். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். இன்று மத்தியானமும் அப்படித்தான் சாப்பிட்டேன். உன் கடிதம் அதன் பிறகு வந்தது.

மெக்கானிக்கிடம் போய் நடந்ததைத் திருத்திச் சொல்லப் போவதில்லை. நான் இறக்கும்போது உன்னைக் காப்பாற்ற நினைத்து இறக்கவில்லை. அது உனக்கு நல்லதாகப் போனது என் சாமர்த்தியம் இல்லை. அவர் கேட்ட கேள்வி கேட்டதாகவே இருக்கட்டும். ஆனால் கத்தியது நீ, ஏன் கத்தினாய் என்று தெரிந்தவளும் நீ. தெரிந்துகொண்டே மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று உட்கார்ந்து, இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருக்கிறாய்.

என் ஜன்னலோர மேசையில் இப்போதே வேறொரு பெண் உட்கார்ந்தாயிற்று. சாயங்காலம் போய்க் கேட்டேன், கம்பெனியின் இன்னொரு கிளையில் இடம் இருக்கிறது என்றார் மேலாளர். சரி என்றுவிட்டேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டாம் தேதி பஸ் நிலையத்துக்குப் போகாதே.

மார்ச் மாதக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

பெஞ்சின் கால்களை உயர்த்த வேண்டாம். உன் உயரத்துக்கே இருக்கட்டும்.

தங்கை