ஷிப்மெண்ட்டுக்குப் போன அப்பா

கப்பலேறாமலே கடல் தாண்டிவிட்ட என் அருமை அப்பாவுக்கு,

உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார் அம்மா. இருந்தபோது கோபப்பட உங்களை எங்கே பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பேத்தி கயலுக்குச் சாகசக் கதை படித்துக்காட்டுகிறேன். பத்தாவதில் கோட்டை விட்டவன், எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். என் கொள்ளைக்காரக் குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய்தான் பயப்படுகிறது.

எந்தக் கதையை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே அப்பா காணாமல் போகிறார். கப்பல் கவிழ்கிறது, இல்லை காட்டில் தொலைகிறார். பிள்ளைகள் தனியே கிளம்புகிறார்கள்.

"ஏனுங்கப்பா, கதைல எல்லாம் அப்பாவே இருக்கறதில்ல?" என்றாள் கயல்.

"அப்பன் இருந்தா, 'மழை வருது, ஊட்டுக்குள்ள வா'ம்பான் கண்ணு. அப்புறம் கதை எங்க நடக்கும்?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். "அப்ப நம்மூட்லயும் கதை நடக்குதுங்களா? நீங்களும் ஷிப்மெண்ட்டுக்குத்தான போறீங்க."

அது உங்கள் வார்த்தை அப்பா. பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் நீங்கள் வீடு வர மாட்டீர்கள். "அப்பா ஷிப்மெண்ட்ல இருக்காரு" என்பார் அம்மா. நான் கப்பல் என்றே நம்பினேன். என் அப்பா கப்பல்காரர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். ஒருநாள் தலையெல்லாம் பஞ்சு ஒட்ட, சைக்கிளில் எதிரே வந்தீர்கள்.

"ஏன்டா, உங்கப்பன் கப்பலுக்குப் பெடல் இருக்குதா?" என்றான் கூட வந்த பையன் ஒருவன்.

கதைகளில் கடைசிப் பக்கத்தில் அப்பா தாடியோடு திரும்புகிறார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது. இத்தனை நாள் எங்கே போனாய் என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. எழுதியவர்களும் வீடு தங்காத அப்பன்மார்தான் போல.

நான் கேட்கிறேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கே இருந்தீர்கள்? எங்கள் வயிற்றுக்காகத்தான் போனீர்கள், தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. நீங்கள் கடைசிப் பக்கத்துக்குக்கூட வரவில்லையே. கம்பெனி வாசலிலேயே சாய்ந்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை கயலின் பள்ளி விழா. நாடகத்தில் அவள்தான் கப்பல் தலைவி. அன்றைக்கே நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலும் ஷிப்மெண்ட். வர மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏப்பா, கப்பல் உனக்காக நிக்குமா?"

"புள்ள மட்டும் வளராம நிக்குங்களா?"

முறைத்தார். வேலை இருக்குமா, தெரியவில்லை.

முன்வரிசையில் உட்காருவேன் அப்பா, இது சத்தியம். அவள் தேடும்போது என் தலை தெரியும். மழை வந்தால், உள்ளே வா என்று கூப்பிடவும் நான் இருப்பேன். கதை கெட்டால் கெடட்டும்.

இன்னும் கோபம் தீராத உங்கள் மகன்,
கயலின் அப்பா