மூன்று சீட்டிலும் உங்கள் பெயர்

மரக்காணம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அந்தோணியம்மாக்காவுக்கு,

கல்லூரி நூலகத்திலிருந்து சிவசங்கரி எழுதுவது. உங்கள் மகள் ஜான்சிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. குழந்தைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா? பச்சை உடம்புக்காரியை ஈரத்தில் நடமாட விடாதீர்கள்.

இங்கே பத்து நாளாக மழை. உப்பளமெல்லாம் தண்ணீர். பஸ் ஸ்டாப்பில் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தை பிறக்கும்வரை பாத்தியில் வேலை இல்லை என்றார். இப்போது உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன், வாய் வரவில்லை. தற்காலிக ஆட்களில் ஒருவரைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. பெயரை நான் தர வேண்டும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை டீயோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எதையும் எல்லோரையும் கேட்டுத்தான் செய்வேன். எனக்கு முன்பிருந்தவர் காலத்தில், திரும்பி வந்த புத்தகம் அலமாரி ஏற ஒரு வாரம் ஆகும். கேட்க ஆரம்பித்த பிறகு அன்றன்றைக்கே ஏறியது. பிள்ளைகள் முதல் பஸ்ஸில் வந்து படிக்கட்டில் காத்துக் கிடக்கிறார்கள், எட்டு மணிக்கே திறக்கலாம் என்று சொன்னதே நீங்கள்தான். சாவியையும் நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். போகிற இடமெல்லாம் இதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் திமிரில் இதையும் மேசைக்குக் கொண்டுபோனேன். ஆளுக்கொரு பெயர் எழுதிச் சீட்டுப் போடுங்கள் என்றேன். என் புத்தி எங்கே போனதோ! கிருபா, சரத்குமார், பொன்னம்மாள் மூவரும் உங்கள் பெயரை எழுதினார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அதன் பெயரை யார் எழுதுவார்கள்? அங்கே இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். நான்காவது சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. அது என்னுடையது. நான் சுமக்க வேண்டியதை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, நல்லவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்து தன் பெயரோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். புத்தகங்கள் தரையில் குவிந்து கிடக்கின்றன. கதவு ஒன்பதுக்குத்தான் திறக்கிறது. சரத்குமாரிடம் எது கேட்டாலும், "நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடறேன் மேடம்" என்கிறான். அலுத்துவிட்டது அக்கா, உடம்பும் மனசும்.

சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேற்று முதல்வரிடம் போய், யார் பெயரையும் தர முடியாது, நாங்கள் ஐந்து பேரும் எப்படி வேலை செய்கிறோம் என்று எங்களையே கேளுங்கள் என்றேன். முகம் சுளித்தார். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கெடு இல்லை. உங்களை விட முடியாது என்று முதலில் நான்தான் பேசுவேன். ஆனால் நீங்கள் இல்லாமல் உங்களைப் பற்றிப் பேசினால் மறுபடியும் அதே தப்புதான்.

கடிதத்தைக் கிருபா கொண்டுவருகிறான். "நானே குடுத்துட்டு வர்றேன் மேடம். அக்காகிட்ட நேர்ல சொல்லணும்" என்றான். அவனைக் கோபிக்காதீர்கள். ஒரு வாய் சோறு போட்டு அனுப்புங்கள்.

உங்கள் மாதா பேரப்பிள்ளையைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது பஸ் ஏறிவிடுங்கள். வந்து எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டித் தீருங்கள், அக்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
சிவசங்கரி