ஏழாம் கேள்விக்கு நான் வைத்த புள்ளி

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். சங்க அலுவலகப் படிக்கட்டில் சாக்கு விரிக்க வேண்டும். பிரிண்டருக்கு மை. குடையைத் தைக்கக் கொடுத்தது வாங்கவில்லை.

பத்தரைக்குச் செயலாளர் சார் கூப்பிட்டார். மாநிலத்துக்குப் புதிய வீட்டு வசதிக் கொள்கை எழுதுகிறார்களாம். அதற்கான குழு 20-ஆம் தேதி நாகர்கோவிலுக்கு வருகிறது, கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்பு. ஒரு சங்கத்துக்கு ஒரு ஆள், ஐந்து நிமிடம். நான் சேலை கூட யோசித்துவிட்டேன். அதற்குள் சார், "அபர்ணா பேசட்டும். நீங்க பக்கத்துல இருங்க ஸ்டெல்லா, ஏதாவது தாள் கேட்டா எடுத்துக் குடுக்கலாம்."

பதினோரு வருஷம். பாசனச் சானல் கரையிலும் கடற்கரையிலும் வீடில்லாதவர் பட்டியல் எடுத்தது இந்தக் கால். தாள் எடுத்துக் கொடுக்க.

இனி அவள் பெயர் இங்கே அ. முழுதாக எழுதக் கை வரவில்லை.

நவ. 11, செவ்வாய்

மை வாங்கியாச்சு. குடை இல்லை.

அ. வந்து பதினாலு மாசம். நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்த காளான். குலசேகரத்தில் அப்பாவுக்கு ரப்பர் வியாபாரம், வீட்டில் ஆளுக்கொரு அறை. அவள் போய் ஓலைச் செட்டுக் குடிசையைப் பற்றிப் பேசுவாள், கேட்கிற அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நான் பேசினால் அதே அதிகாரி போனைப் பார்ப்பார்.

அவளுக்கு இருப்பது: குரல். லேப்டாப். மலையாளம், இங்கிலீஷ் இரண்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, எத்தனை பஸ் ஏறினாலும் கசங்காது. டீக்கடை அண்ணாச்சி அவளுக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போடுகிறார், இதை நான் கவனிக்கிறேன் என்பதே கேவலம்.

எனக்கு இருப்பது: முட்டு வலி.

"குடும்பத்துக்கு ஒரு வீடு, கதவுக்கு ஒரு வீடு இல்லை" என்று எழுதிவைத்திருக்கிறாள், பேச்சின் முதல் வரி. நல்ல வரி. அதுதான் எரிகிறது. ஒரே கதவுக்குப் பின்னால் மூன்று குடும்பம் என்று ஏழெட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஏன் இப்படி வரவில்லை?

நவ. 12, புதன்

மழை விட்டது. வெயில்.

மதியம் அ. தாள்கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊர்க் கடற்கரையில் அவள் எடுத்த கணக்கெடுப்பு, அறுபத்திரண்டு குடும்பம். மனை கேட்டுக் குழுவிடம் கொடுக்கப் போகும் வீடில்லாதவர் பட்டியலில் இதுவும் உண்டு. "அக்கா, ஒருக்கா பாத்துருங்க. நீங்க புள்ளி வெச்சா எனக்கு ஒறக்கம் வரும்."

அலுவலக வழக்கம் இது. சரிபார்த்த தாளில் வலது ஓரம் பென்சிலால் ஒரு புள்ளி. நான் ஆரம்பித்தது. என் புள்ளி இருந்தால் சாரும் திரும்பப் பார்க்க மாட்டார்.

ஏழாம் கேள்வி: சொந்த வீடு உண்டா? பார்த்துக்கொண்டே வந்தேன். இல்லை, இல்லை, உண்டு, உண்டு. பத்தொன்பது உண்டு. அதில் ஒன்று எங்கள் தெரு ரோசம்மா மாமி.

மாமிக்கு ஏது வீடு! எங்கள் கடற்கரையில் வீடு மகளுக்கு. கல்யாணத்தில் வீட்டை மகள் பேருக்குக் கொடுத்துவிட்டு அப்பனும் அம்மையும் பின்னால் செட்டுப் போட்டு ஒதுங்குவார்கள், இல்லாவிட்டால் வாடகைக்குப் போவார்கள். ஆனால் வாயால் "வீடில்லை" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கொடுத்ததைத் திரும்பக் கேட்ட மாதிரி. மருமகன் காதுக்குப் போனால் மகளுக்குத்தான் கேடு. அதனால் அங்கே வீட்டைக் கேட்கக் கூடாது. "அடுப்பு எங்க?" என்று கேட்க வேண்டும். அடுப்பைக் காட்டுவார்கள். செட்டில் இருந்தால் "இல்லை" என்று நாமே எழுத வேண்டும். நான் அப்படித்தான் எழுதிவந்தேன், யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவளுக்கு எப்படித் தெரியும்? கணக்கெடுக்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டாள், கூட வாங்கக்கா என்று. முட்டு வலி என்றேன். அன்று முட்டு வலிக்கவில்லை.

இப்போது சொல்லியிருக்கலாம். எழுந்து நாலு அடி. மேடையில் அவள் விழிக்கிற விழி ஒரு நிமிஷம் கண்ணில் வந்தது, இனித்தது.

அறுபத்திரண்டு தாளிலும் புள்ளி வைத்தேன். கை தன்பாட்டுக்கு வைத்தது என்று எழுதலாம். இல்லை. நான்தான் வைத்தேன். எழுத்துப்பிழை நாலு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன், நன்றி அக்கா என்றாள்.

நவ. 14, வெள்ளி

அண்ணன் மயினி பிள்ளைக்கு முழுக்காட்டு, ஞானஸ்நானம்; ஊருக்குப் போனேன். சாளை மீன் கிடைத்தது, பொரித்தோம்.

ரோசம்மா மாமியின் செட்டு மகள் வீட்டுச் சுவரை ஒட்டி. மேலே தார்ப்பாய், அதன்மேல் பழைய வலை, காற்றுக்குக் கல் வைத்திருக்கிறாள். மழையில் அடுப்படி நனைந்திருந்தது. அந்தப் பிள்ளை வந்தாளே என்று மாமியே பேச்சை எடுத்தாள். கருப்பட்டிக் காப்பி குடித்தாளாம், நல்ல குணமாம், தரையில் உட்கார்ந்தாளாம். ஊரில் வந்தும் கேட்க வேண்டியிருக்கிறது இவள் புகழை.

"வீடு உண்டாண்ணு கேட்டா மக்கா. உண்டுண்ணேன். பின்ன, மோளு உள்ள நிக்கா, மருமோன் போன்ல கெடக்கான், இல்லேண்ணா சொல்லுவேன்?"

மருமகன் கிறிஸ்துமஸுக்கு மஸ்கட்டிலிருந்து வருகிறான். வீட்டை இடித்து மாடி கட்டப் போகிறான். செட்டு இருக்கும் இடத்தில்தான் படிக்கட்டு வருகிறதாம். அதற்குள் பட்டியலில் பேர் வந்தால் ஒரு மனை கிடைக்கும், எங்கேயாவது ஒரு மூலையில் தனியாகக் கிடப்பேன் என்றாள். பேரு வந்துருமா மக்கா என்று இரண்டு தடவை. பார்ப்போம் மாமி என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் போனை எடுத்தேன், அ.விடம் சொல்லிவிடலாம் என்று. அவள் ஸ்டேட்டஸ்: சாரோடு நின்று ஒரு படம், 'வியாழனுக்குத் தயார்' என்று. சார் சிரிக்கிறார். பதினோரு வருஷத்தில் சார் என்னோடு நின்று ஒரு படம் கிடையாது. போனைப் பைக்குள் போட்டேன்.

நவ. 17, திங்கள்

மனு நாள். கொட்டாரம் பக்கத்துச் சானல் கரைக்காரர்களோடு கலெக்டர் ஆபீஸ். வரிசையில் என்னை யாருக்கும் தெரியாது. அ.வை வாசல் போலீஸுக்குத் தெரிகிறது.

வெளியே புளியமரத்தடியில் நின்று கேட்டாள். "அக்கா, கடப்புறம் லிஸ்ட் சரியாக்கும் இல்லியா? பத்தொம்பது பேருக்கு வீடு உண்டுண்ணு வருது. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. சரிதான் என்றேன்.

அப்படியானால் சரி என்றாள். சிரித்தாள். எனக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கித் தந்தாள், குடித்தேன்.

நவ. 18, செவ்வாய்

குடை வாங்கியாச்சு. கம்பி ஒன்று இன்னும் ஆடுகிறது.

அ. பேசிப் பழகுகிறாள், கடிகாரம் வைத்து. சார் கண்ணை மூடிக் கேட்கிறார். நான் பக்கத்து அறையில் பழைய பைல் அடுக்கினேன், அடுக்கினதையே அடுக்கினேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று அம்மா என்னைத்தான் சொல்வாள். நாளை சொல்லிவிடலாம்.

நவ. 19, புதன்

சொல்லவில்லை.

நவ. 20, வியாழன்

நல்ல மழை. மீனாட்சிபுரத்தில் முழங்கால் தண்ணீர்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அ. பேசினாள். பிரமாதம். குடும்பத்துக்கு ஒரு வீடு என்றதும் பின்வரிசையில் கைதட்டல். நான் தாளை அடுக்கினேன். பிறகு குழுத் தலைவர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் புரட்டினார். கடற்கரையில் நெருக்கடி என்கிறீர்கள், உங்கள் பட்டியலிலேயே மூன்றில் ஒருவருக்குச் சொந்த வீடு இருக்கிறதே என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அ. தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எட்டு நாளாகக் காத்திருந்த விழி அதுதான். இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது. பொய் எழுத என்ன இருக்கிறது இங்கே.

எழுந்தேன். மைக்கை வாங்கினேன். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். வீட்டைக் கொடுத்த அம்மை வீடில்லை என்று சொல்ல மாட்டாள், அடுப்பைக் கேளுங்கள் அம்மா, கொள்கையிலும் அப்படி எழுதுங்கள் என்றேன். முட்டு வலி இல்லை, குரல் நடுங்கவில்லை. தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சபை முழுக்கக் கைதட்டியது. அவ்வளவு சத்தத்தை எனக்கென்று நான் கேட்டதில்லை.

பிறகு அவர் சொன்னார்: இது மிக முக்கியமான கருத்து, கொள்கையில் சேர்ப்போம். ஆனால் பட்டியல் பிழையானால் முழுப் பட்டியலையும் ஏற்க முடியாது, சானல் கரையை எடுத்துக்கொள்கிறோம், கடற்கரையைத் திரும்ப எடுத்து அடுத்த கட்டத்துக்குத் தாருங்கள். அடுத்த கட்டம் எப்போது என்று சார் கேட்டார். தெரியாது என்றார் தலைவர் அம்மா.

அறுபத்திரண்டும் போச்சு. உட்காரும்போதுதான் மாமியின் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

நவ. 21, வெள்ளி

பேப்பரில் என் படம், மைக்கோடு. சேலை நன்றாக இருந்தது.

சார் எல்லாரும் கேட்கப் பாராட்டினார். பிறகு அ.வைத் தனியாகக் கூப்பிட்டார். கதவு சாத்தவில்லை, கேட்டது. தப்பு என்னுடையது சார், ஊர் வழக்கத்தை விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்றாள். புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அதற்கும் பொறாமைதான்.

மாமி போன். "படம் கண்டேன் மக்கா. வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன். பேரு வந்துட்டு, இல்லியா?" பஸ் சத்தம், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். அலுவலகத்தில்தான் இருந்தேன்.

நவ. 24, திங்கள்

கோட்டாறு கோயில் திருவிழா, பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. அ.வும் நானும் ஊருக்கு, மறு கணக்கெடுப்பு. பாதி வழியில் சொன்னேன். பத்தொன்பதும் தப்பென்று அன்றைக்கே தெரியும், தெரிந்தேதான் புள்ளி வைத்தேன் என்று. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமியின் செட்டில் குனிந்து நுழைந்து அவளே கேட்டாள், மாமி, அடுப்பு எங்க என்று. என்னைவிட நன்றாகக் கேட்டாள். மாமி காட்டினாள். இதுதான் மக்கா, மழை வந்தா அணஞ்சு போவும் என்றாள். மக்கா என்றது அவளை. பேர் வரவில்லை, அடுத்த கட்டம் எப்போதென்று தெரியாது என்று மாமியிடம் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். மாமி என் முகத்தைப் பார்க்காமல் தார்ப்பாயின் கல்லை நகர்த்தி வைத்தாள்.

நவ. 26, புதன்

வெயில். படிக்கட்டுச் சாக்கு காயப்போட்டேன்.

அறுபத்திரண்டு தாளும் முடிந்தது. மேஜையைத் துடைத்து, பென்சில் சீவி வைத்திருந்தேன். அ. கட்டோடு என் மேஜையைத் தாண்டி நேரே சார் அறைக்குப் போனாள். சார், இந்த முறை நீங்களே பாத்துருங்க என்றாள்.