இரண்டு கொத்துக்கு மேல்

இராசமலர்,

இதனால் அறியத்தருவது: இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுவரக்கூடாதென்ற சட்டத்தை மீறி, மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கிளிநொச்சியிலிருந்து பத்துக் கொத்துக் கடத்திய மாபாதகனாகிய உமது புருஷன் இன்று ஒன்பது மணிக்கு நீதிமன்றக் கூண்டில் எழுந்தருளுவான். வேண்டாமென்று நீர் சொன்னீர்தான். மூன்று நாளாய்க் கதைக்கிறீரில்லை, அதனால் எழுதுகிறேன்.

மரவள்ளி அவித்து மூடியிருக்கிறது. நீர் வெளியில் போயிருப்பதால் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். பொழுதுபட நான் வராவிட்டால் மறியலில், கம்பிக்குள், என்று விளங்கிக்கொள்ளும். மகளுக்குச் சொல்லவேண்டாம்.

என் வழக்கைப் பேசும் அப்புக்காத்து சோமசேகரம் சொன்னார்: "குற்றவாளியில்லை எண்டு மட்டும் சொல்லும் காணும். மிச்சம் நான் பாக்கிறன்." தலையாட்டினேன்.

பி.கு.: அவரிடம் ஒன்று சொல்லவில்லை. பொலிசில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவன்போல இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.