ஜலதாரைக்குப் போகாத தண்ணீர்

ஆம்பூர், 3 ஜூலை 1934, செவ்வாய்

குளிக்கும் அறையில் பூப்போட்ட கல் பதித்து முடிந்தது. கொத்தனார் ஆதிகேசவன் உள்ளே இருந்தவரை அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அப்பா தோல் விற்கப் பட்டணம் போயிருப்பதால் அவர் தம்பி, சாச்சாதான் மேற்பார்வை. "ஜல்தி முடிப்பா, பொம்பளைங்க எவ்ளோ நேரம் அடைஞ்சு கிடப்பாங்க" என்று விரட்டினார். சாயங்காலம் அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அது மூலையில் இருக்கும் ஜலதாரைக்குப் போகாமல் நிலைப்படியில் வந்து தேங்கியது.

4 ஜூலை

அம்மா வழுக்கிவிட்டாள். சுவரைப் பிடித்ததால் விழவில்லை. இது ஏழாம் மாதம். போன தடவை குழந்தை தங்கவில்லை. சாச்சாவிடம் சொன்னேன். "காய்ஞ்சா சரியாய்டும்" என்கிறார்.

5 ஜூலை

கல் ஆடுகிறது. மிதித்தால் கீழிருந்து அழுக்குத் தண்ணீர் பீச்சுகிறது.

கொத்தனாரிடம் யார் சொல்வது? நான் இன்னும் பர்தாவுக்குள் போகவில்லை, நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் போன வருஷம் சாச்சா மகள் அஃப்ஸர் ஜஹான் வளையல்காரனிடம் வாசலில் வாதாடினாள். "வாய் வளந்துட்டா வயசும் வளந்துட்டதா அர்த்தம்" என்றார் சாச்சா. மறுநாளே பள்ளிக்கூடம் நின்றது.

பேசினால் எனக்கும் அதுதான். பேசாமல் இருந்து அம்மா விழுந்தால் –

7 ஜூலை, சனி

கொத்தனார் விட்டுப்போன பூச்சுக் கரணையை எடுக்க வந்தார். சாச்சா கடையில். வாசலுக்குப் போனேன்.

"தண்ணி ஓட வாட்டம் சரியில்ல" என்றேன்.

"இன்னா பாப்பா, எனக்கே மேஸ்திரியா? பாத்து நடக்கச் சொல்லு உங்கம்மாவ."

அப்போதுதான் சாச்சா தெருமுனையில் வருவது தெரிந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கொத்தனாரே, அத்தனை கல்லையும் பேத்து எடுங்க. வாட்டம் ஜலதாரைக்கு இருக்கணும். எத்தனை நாள் ஆனாலும் நான் உள்ளயே இருந்துக்கறேன்."

வெளி ஆண் யாரும் அம்மாவின் குரலைக் கேட்டதில்லை. கொத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார். "சரிங்கம்மா" என்றார். அதற்குள் வந்துவிட்ட சாச்சா வாசல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

10 ஜூலை

புதுக் கல்லில் தண்ணீர் நேராக ஜலதாரைக்கு ஓடுகிறது. நாளை அப்பா வருகிறார். சாச்சா ஸ்டேஷனுக்கே போய் எல்லாம் சொல்லிவிடுவார். பயமா இருக்கு. தூக்கம் வரல.

11 ஜூலை

அப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "கொத்தனார்கிட்ட பேசனது யாரு? இவளா?"

"அவ வாயே தொறக்கல. நான்தான் பேசனேன்" என்றாள் அம்மா.

அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

12 ஜூலை

அப்பா இன்னும் அம்மாவோடு பேசவில்லை. காலையில் பள்ளிக்கூட வண்டி வந்தது. அம்மா என் பின்னலை இறுக்கிக் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. ஏறிக்கொண்டேன்.