ஆறாம் இடம்

கிஷினாவ்,
23 மே 2005

அன்புள்ள ரயிசாவுக்கு சிமியோன் எழுதுவது.

நானும் நம் மகள் டொயினாவும் நலம். நீ வேன்காரரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் நேற்று வந்து சேர்ந்தது. எண்ணெய்ப் புட்டி உடையவில்லை. நீ பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் இப்போதாவது உன்னைத் தூங்கவிடுகிறாரா? இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இன்னும் வரவில்லையா? அது இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது என்றாயே. எனக்குப் பழைய முதுகுவலிதான். விடியுமுன் எழுந்து ட்ராலிபஸ் ஓட்டப் போகிறேன், வந்து படுக்கிறேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

நாடுகளுக்கு இடையே நடக்கும் பாட்டுப் போட்டி என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாய். உங்கள் இத்தாலி அதில் சேருவதுமில்லை, டிவியில் காட்டுவதுமில்லை என்றாய். இங்கேயோ மூன்று மாதமாக வேறு பேச்சே இல்லை. நம் நாடு முதல் தடவையாகப் போகிறது அல்லவா?

போட்டிக்கு யாரை அனுப்புவது என்று பிப்ரவரியில் இங்கே நடந்த தேர்வில் டொயினா தோற்றுவிட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அவள் பாடியது உன்னைப் பற்றி. அவளே எழுதினாள். தூரதேசம் போன தாயின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்குள் நடக்கிற பாட்டு. அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “நல்லாத்தான் பாடுறேம்மா. ஆனா முதல் தடவையா உலகத்து முன்னாடி போய் நிக்கப் போறோம். அழுதுகிட்டா போறது?” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ரயிசா, கூட்டத்தோடு நானும் தட்டிவிட்டேன். மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குக்கூட இப்போது கேசட்டைத்தான் போட்டுவிடுகிறாளாம்.

சனிக்கிழமை போட்டியை எதிர்வீட்டு நிக்கனோர் வீட்டில் பார்த்தோம். நம் நாட்டிலிருந்து போன பையன்கள் குதித்துக் குதித்துப் பாடி ஆறாம் இடம் பிடித்தார்கள். நிக்கனோர் என்னைக் கட்டிப்பிடித்து, “யோவ் சிமியோன், நம்ம ஊரு எங்க இருக்குன்னு கேட்டவனெல்லாம் இனிமே மேப்பைத் தேடி எடுப்பான்யா!” என்று கத்தினார். டொயினாவும் மனதாரச் சிரித்துக் கைதட்டினாள்.

வீடு திரும்பிப் படியேறும்போது டொயினா சொன்னாள்: “அந்த நடுவர் சொன்னது சரிதாம்பா. அந்தப் பாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நான் அம்மாகிட்டயே போறேன். ஆறு மாசந்தான்.”

நீயும் ஆறு மாதம் என்றுதான் சொன்னாய். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. இப்போது இருபது.

அன்றைக்குக் கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “படுங்கப்பா, காலைல வண்டி எடுக்கணும்ல” என்று அறைக்குள் போய்விட்டாள்.

இன்று இத்தாலி போகும் வேனில் இடம் சொல்லிவைத்துவிட்டு வந்தாள். போகாதே என்று சொல்ல எனக்குத் தெம்புமில்லை, எந்த முகத்தோடு சொல்வது என்றும் தெரியவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், கார்டில் காசு தீர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் மேல் கோபிக்காதே. வந்த உடனே வேலைக்குச் சேர்த்துவிடாதே. கொஞ்ச நாள் உன் பக்கத்தில் தூங்கட்டும். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். அவள் சொன்ன ஆறு மாதம் முடிந்ததும், ஊருக்குத் திரும்பும் வேனில் நீயே அவளை ஏற்றிவிடு. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், காகிதம் வந்தாலும் வராவிட்டாலும், நீயும் ஏறிவிடு.

உன்,
சிமியோன்