பெயர் நாளுக்கு மாட்டுக்கறி

அக்டோபர் 5

எழுத உட்கார்ந்ததற்கே யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதியதில்லை. கடைச் சாமான் பெயர்களை எழுதுவதோடு சரி. கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்ததற்கு இதுவாவது மிஞ்சட்டும்.

இன்றும் விடியுமுன் அப்பா, தான் பால் கறக்கும் வேலை பார்த்த பண்ணைக்குப் போனார். அங்கே ஒரு மாடும் இல்லை. வசந்தத்தில் கோமாரி வந்ததும், மேலும் பரவக்கூடாதென்று அரசாங்க ஆட்கள் மொத்த மந்தையையும் கொன்று புதைத்துவிட்டார்கள். ஆனாலும் பால் கறக்கிற நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். வெளிச்சம் வந்தபின் திரும்பி, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார்.

"அங்க போயி என்னதான் பண்றாரு உங்கப்பா?" என்கிறாள் அம்மா.

எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 8

மாடு கட்டும் கயிறுகளையெல்லாம் அம்மா எங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்து என் கட்டிலுக்கடியில் திணித்துவிட்டாள். அப்பா கண்ணில் படக்கூடாதாம்.

அக்டோபர் 9

தூக்கமில்லை. கயிற்றில் இன்னும் மாட்டு வாசனை.

அக்டோபர் 12

டெனேஷ் மாமா வந்தார். அப்பாவோடு பால் கறந்தவர். இப்போது டயர் தொழிற்சாலையில் இருக்கிறார்.

"டேய் வெண்டெல், இருபதாம் தேதி உன் பேரு நாள். வருஷா வருஷம் வைக்கிற மாட்டுக்கறி உண்டுல்ல? இல்ல, பன்னிய வச்சு ஏமாத்திடுவீங்களா?"

காலண்டரில் அப்பாவின் பெயர் போட்ட நாளில் வருடந்தோறும் வீட்டில் விருந்து வைப்போம். அப்பா சிரிக்கவில்லை. "வேணாம்" என்றார். இன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். வசந்தத்துக்குப் பிறகு அவர் மாட்டுக்கறி தொட்டதே இல்லை.

மாமா போனதும் அம்மா சொன்னாள்: "வைக்கத்தான் போறோம். ஒண்ணொண்ணா எல்லாத்தையும் விட்டுட்டா, அப்புறம் இந்த மனுஷன எதுல பிடிச்சு நிறுத்துறது?"

ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து அவள் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. ஆகவே சமையல் என் தலையில்.

அக்டோபர் 15

பன்றிக்கறியில் செய்து பழகிப் பார்த்தேன். கொழுப்பில் வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் சட்டியை இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூளைப் போடவேண்டும். அடுப்பிலேயே போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். இங்கே குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் சட்டி இரும்பு, நல்ல கனம். எப்போதும் அப்பா இறக்குவார், அம்மா தூவுவாள். நான் தட்டு எடுத்து வைப்பேன், அவ்வளவுதான். இன்று இரண்டையும் நானே செய்யப் பார்த்துக் கருக்கிவிட்டேன்.

அம்மா ஒரு வாயோடு தட்டைத் தள்ளினாள். அப்பா அந்தக் கசப்பு முழுவதையும் தின்று முடித்தார். கசக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17

பண்ணைக்காரர் இனி மாடு வாங்கப் போவதில்லையாம். இடத்தை விற்கிறாராம். அம்மா கடையில் கேள்விப்பட்டு வந்தாள். அப்பாவிடம் யார் சொல்வது?

"நீ சொல்லு போரி. இவ்வளவு படிச்சவ, பெத்த அப்பங்கிட்ட நாலு வார்த்தை பேச வராதா?"

வரலையே அம்மா. நான் என்ன செய்ய?

அக்டோபர் 20

மாட்டின் கால்சதை வாங்கி வந்தேன். வெங்காயம் வதங்கும்போது அம்மா ஊறுகாய் எடுக்க நிலவறைக்குப் போயிருந்தாள். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் வெங்காயம் பழுப்பாக ஆரம்பித்தது. கையில் தூள் டப்பா. கூப்பிட வாய் வரவில்லை.

வாசனையில் தெரிந்திருக்கவேண்டும். எழுந்தார், சட்டியைத் தூக்கிக் கல்மேல் வைத்தார், காத்து நின்றார். தூவினேன். "கறியப் போடு" என்றார். போட்டதும் திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். பிறகு மதியம்வரை நான்தான் — கொஞ்சம் தண்ணீர், வற்றிக் கொழுப்பு பொரியும் சத்தம், மறுபடி கொஞ்சம் தண்ணீர்.

சாப்பாட்டில் அப்பா கேட்டார்: "எந்த ஊர் மாடு?"

"போலந்துன்னு போட்டிருந்துச்சுப்பா."

"பேரு தெரியாத மாடு" என்றார். பண்ணையில் தான் கறந்த மாடுகள் அத்தனைக்கும் பெயர் வைத்திருந்தவர்.

டெனேஷ் மாமா ஒயின் வேகத்தில் உளறிவிட்டார்: "பண்ணைய விக்கிறானாமே, தெரியுமா?" அம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்கே தெரிந்தது.

"தெரியும். முன்னாடியே ஆளுங்க வந்து இடத்த அளந்துட்டுப் போனாங்க."

"அப்புறம் எதுக்குடா தினமும் போற?"

அப்பா கறியைத் தொடவில்லை. ரொட்டியைக் குழம்பில் ஒருமுறை தோய்த்து வாயில் வைத்தார்.

"கசக்கல" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

அக்டோபர் 21

எதுவும் மாறிவிடவில்லை. விடியுமுன் அப்பா எழுந்த சத்தம் கேட்டது. கட்டிலுக்கடியில் தடவிப் பார்த்தேன், கயிறுகள் இருந்தன. எத்தனை காலம் இப்படித் தடவிக்கொண்டிருப்பது?

அம்மாவின் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றேன். எனக்குப் பெரிய காலணி அது. அப்பா என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். போகாதீர்கள் என்று கேட்பேன் என்றுதான் நினைத்திருப்பார். வசந்தத்திலிருந்து தொண்டையில் நின்றிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா, என்னையும் கூட்டிட்டுப் போங்க."